ஓலைவாசலில் நீக்கிய ஏடுகள்

முன்னொரு காலத்தில், செய்தி ஒரு வரி என்றால் முகஸ்துதி ஒன்பது வரி எழுதும் மக்கள் வாழ்ந்த நாடொன்று இருந்தது. அங்கே ஒவ்வொரு ஓலைக்கட்டிலும் பெயருக்கு ஓர் ஏடு, ஊருக்கு ஓர் ஏடு, புகழ்ச்சிக்கும் சிபாரிசுக்கும் தனித்தனி ஏடு, செய்தி கடைசியில்தான். செய்திக்கு முன்னால் வருபவை எல்லாம் முகப்பு ஏடுகள். படித்து அலுத்துப்போன அரசர், விகடகவி சங்கிலியாண்டியை, அரண்மனைக்கு ஓலைகள் வந்துசேரும் ஓலைவாசலில் உட்காரவைத்தார்.

"பெயரும் ஊரும் வரட்டும். மற்ற முகப்பு ஏடுகளை நீக்கிவிடு. தவறினால் நாடு கடத்துவேன்!"

விதிகளை எழுதிக் கோத்துக் கொடுத்தவர், அவன்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் கருணாகரர். மேல் ஏட்டில், 'முகப்பு ஏடு எதுவாயினும் நீக்கு.' கீழ் ஏட்டில், 'பெயர், ஊர் ஏடுகளை விடு.' மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்தும் விதியோடு நிறுத்த வேண்டும் என்பது அரண்மனை வழக்கம். சங்கிலியாண்டிக்குத் தலை சுற்றியது. பெயர் ஏடும் முகப்பு ஏடுதானே? பிறகு கீழ்விதி எதற்கு?

"ஐயா, வரிசை மாறிவிட்டதோ?"

"முத்திரையிட்ட விதியப்பா. ஓரெழுத்தைத் தொட்டாலும் நாடு கடத்தல்தான்" என்று சிரித்தார் அமைச்சர்.

எப்படிப் போனாலும் வம்பு. எழுதியபடியே செய்து தொலைப்போம் என்று எல்லா முகப்பு ஏடுகளையும் நீக்கினான்.

மறுநாள் சபையே குழம்பியது. 'சம்மதம், பெண்ணை அழைத்து வருகிறோம்' என்றது ஓர் ஓலை. யார் வீட்டுப் பெண்? 'என் எருமையை மீட்டுத் தாருங்கள்.' யாருடைய எருமை? மூன்றாவது ஓலை அரசரையே வியர்க்கவைத்தது. 'இன்று மாலை வருகிறேன். தயாராக இரு.' பகைவனா, நண்பனா? பட்டத்து யானைக்கு ஒரு பக்கம் பூமாலையும் மறுபக்கம் ஈட்டியும் கட்டச் சொன்னார்.

"எல்லாம் விகடகவியின் அலட்சியம், அரசே!" என்றார் அமைச்சர்.

சங்கிலியாண்டி விதிக்கட்டை நீட்டினான். "முதல் விதி பொருந்தியது, மன்னர்பிரானே. நிறுத்திக்கொண்டேன்."

"எழுத்தைத் தொடாமல் திருத்து! முடியாவிட்டால் இன்றே வெளியேறு!" என்றார் அரசர்.

அவன் கயிற்றை அவிழ்த்தான். கீழ் ஏட்டை மேலே வைத்துக் கட்டினான். ஓரெழுத்தும் மாறவில்லை.

"சரி, வருவது யார்? ஏட்டைத்தான் எரித்திருப்பாயே!"

"நீக்கச் சொன்னீர்கள், அரசே. எரிக்கச் சொல்லவில்லையே?" மடியிலிருந்து அந்த ஓலையின் பெயர் ஏட்டை எடுத்து நீட்டினான். அரசரின் தமக்கை!

"அக்காவுக்கா ஈட்டி கட்டினேன்!" அரசர் வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைச் சங்கிலியாண்டிக்கு அணிவித்தார். பிறகு அமைச்சரைப் பார்த்தார்.

"ஈட்டி எதற்கென்று அக்கா கேட்பாள். விதிகளைத் தலைகீழாகக் கோத்த நீரே பதில் சொல்லும். முதலில் உம் பெயரையும் ஊரையும் மறக்காமல் சொல்லிவிடும்."