ஏறுகிற வண்டிக்கு வழி

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

குருவின் பெயர் பிலோமினா. மேல்காடு என்ற மலையூரில் ஒரே ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார்.

சீடர் ஆனைமுத்து, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லியே பழகியவர். இந்த வயதில் ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டி வந்துவிட்டது.

காரணம் அவர் மனைவி சொர்ணம். சொர்ணத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் இருமுறை அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இருபத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, இருபத்தாறும் ஏறி வர வேண்டும். பஸ்ஸில் போனால் வளைவுக்கு வளைவு வாந்தி. இதுவரை ஜீப்பில் கூட்டிப்போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர், மாதக் கடைசியில் மகனோடு திருப்பூருக்குக் குடிபோகிறார். அதற்குள் ஆனைமுத்து லைசென்ஸ் வாங்கியாக வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்டில் தோற்றிருந்தார். விதி தெரியாமல் தோற்கவில்லை. விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை மனப்பாடம் செய்திருந்தார். அதுதான் வினை.

முதல் டெஸ்டில் ஓர் ஆட்டோ இடப்பக்கமாக முந்திப் போயிற்று. ஆனைமுத்து அதைத் துரத்திப் பிடித்து, கண்ணாடியை இறக்கி, "இடப்பக்கம் முந்தக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவே இல்லை.

இரண்டாவது டெஸ்டில், சந்திலிருந்து ஒரு பைக் நிற்காமல் பெரிய சாலைக்கு வந்துவிட்டது. ஆனைமுத்து காரை அப்படியே நிறுத்தினார். பைக் திரும்பச் சந்துக்குள் போனால்தான் தானும் நகர்வேன் என்று உட்கார்ந்துகொண்டார். முன்னும் பின்னும் ஹாரன் அலறியது.

இன்ஸ்பெக்டர் தாளில் இப்படி எழுதினார்: "விதிகள் தெரிகின்றன. ஓட்டப் பழக வேண்டும்."

"நான் சொன்னதுல என்ன தப்பு?" என்று ஆனைமுத்து குருவிடம் கேட்டார்.

"ஒரு தப்பும் இல்லீங்க சார்."

"அப்புறம் ஏன் ஃபெயில்?"

"கண்ணாடி பார்த்து ஓட்டுங்க சார்" என்றார் பிலோமினா.

எதைக் கேட்டாலும் கடைசியில் இதைத்தான் சொல்வார். ஆனைமுத்துவுக்குக் கடுப்பாக வரும். ஆனாலும் குரு ஆயிற்றே, பொறுத்துக்கொள்வார்.

மூன்றாவது டெஸ்ட் வியாழக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை பாடத்தையும் ஆஸ்பத்திரியையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள். காலையில் இறங்கியாயிற்று. டயாலிசிஸ் முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு மலை ஏறத் தொடங்கினார்கள். ஆனைமுத்து ஓட்டினார். பக்கத்தில் பிலோமினா. பின் சீட்டில் சொர்ணம், கையில் கட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு.

ஒன்பதாவது வளைவு தாண்டும்போது ஆனைமுத்து ஆரம்பித்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"மலைப்பாதையில ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. சரிதானே?"

"சரிதான்."

"இறங்குகிறவன் ஓரமா நின்னு வழி விடணும்."

"ஆமா."

"அவன் விடலைன்னா?"

முன்னால் வளைவு வந்தது. "ஹாரன் அடிங்க" என்றார் பிலோமினா.

பதினேழாவது வளைவுக்கு மேலே, போன மழையில் சாலையில் பாதி சரிந்துபோயிருந்தது. ஒரு வண்டி போகிற அகலம்தான் மிச்சம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் வரிசையாக வைத்த பீப்பாய்கள், அதற்கப்புறம் ஒன்றுமில்லை. குறுகலான துண்டுக்கு மேலே ஓர் ஒதுங்குமிடம், கீழே ஓர் ஒதுங்குமிடம். எதிரே வண்டி வந்தால், ஏறுகிற வண்டி தாண்டும் வரை இறங்குகிறவர் மேலேயே நிற்க வேண்டும்.

ஆனைமுத்து மேலே பார்த்தார். வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. ஹாரன் அடித்தார். குறுகலான துண்டில் பாதி தூரம் ஏறியாயிற்று. அப்போது எதிரே ஒரு லாரி வளைவைச் சுற்றிக்கொண்டு வந்தது. முழுக்க முட்டைக்கோஸ் மூட்டை. ஒதுங்குமிடத்தில் அது நிற்கவில்லை. நேரே இறங்கி வந்து, காருக்குப் பத்தடி முன்னால் குலுங்கி நின்றது.

ஆனைமுத்து பிரேக்கை மிதித்தார். பிறகு ஹாரனில் கை வைத்தார், எடுக்கவே இல்லை.

லாரியிலிருந்து நாற்பது வயதுக் கிளீனர் குதித்தார். கையில் ஒரு மரக்கட்டை. ஓடிப்போய் அதை லாரியின் பின் சக்கரத்துக்கு முன்னால் செருகினார்.

"பார்த்தீங்களா டீச்சர், அவன் திமிரை!" என்றார் ஆனைமுத்து. "கட்டை போட்டு நிறுத்திட்டான். நகர மாட்டானாம். நானும் நகரப் போறதில்லை."

பிலோமினா கண்ணாடியை இறக்கினார். மூக்கைத் தூக்கி ஒரு முறை மோந்தார்.

"சார், பிரேக் கருகுற வாசனை வருது."

"வரட்டும்."

"பின்னாடி எடுங்க. கீழே ஒதுங்குற இடம் இருக்கு."

"நான் எதுக்கு எடுக்கணும்? விதி என் பக்கம். நீங்களே சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப அவன்தான் எடுக்கணும்."

லாரி டிரைவர் ஜன்னல் வழியாக இரண்டு கையையும் நீட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திட்டுகிறார் என்றே ஆனைமுத்து நினைத்தார்.

பயிற்சிக் காரில் குருவின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஆனால் ஸ்டியரிங் ஒன்றுதான். இடம் மாறி உட்காரவும் நேரமில்லை. பிலோமினா வாதாடவில்லை. கையை நீட்டி, நடுவில் இருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார்.

"கண்ணாடி பாருங்க சார்."

ஆனைமுத்து பார்த்தார். சாலை தெரியவில்லை. சொர்ணம் தெரிந்தார்.

தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார். தூங்கவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, அசையாமல், லாரியின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார் சொர்ணம். உதடு மட்டும் அசைந்தது. கணவரை அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஆனைமுத்துவின் கை ஹாரனை விட்டது.

ஹாரன் நின்றதும் லாரிக்காரரின் குரல் கேட்டது.

"ஐயா, பிரேக் நிக்கல! கட்டை வழுக்குது! பின்னாடி போங்கய்யா!"

பிலோமினா கண்ணாடியைப் பழையபடி சாலைக்குத் திருப்பினார். "ரிவர்ஸ் போடுங்க. நான் பிரேக்ல காலை வச்சிருக்கேன். மெதுவா."

மேட்டில் காரைப் பின்னால் எடுப்பது ஆனைமுத்துவுக்குச் சுத்தமாக வராத பாடம். ஆனாலும் ரிவர்ஸ் போட்டார்.

"மலையை ஒட்டியே வாங்க. சரி. இன்னும் வாங்க. ஸ்டியரிங்கை ஆட்டாதீங்க."

நாற்பதடி. கீழே இருந்த ஒதுங்குமிடத்தில் பின் சக்கரம் ஏறியது.

"முழுக்க ஒடிங்க. அவ்வளவுதான். நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்."

கார் ஒதுங்கி நின்றது. பிலோமினா கையை வெளியே நீட்டி, லாரிக்கு 'வா' என்று காட்டினார்.

கிளீனர் கட்டையை உருவினார். லாரி முதல் கியரில் முனகிக்கொண்டே இறங்கியது. கிளீனர் பின் சக்கரத்தோடு சக்கரமாக, கட்டையைக் கையில் பிடித்தபடி, எந்த நேரமும் செருகத் தயாராக நடந்து வந்தார். லாரி காரை ஒரு முழ இடைவெளியில் கடந்தது. அப்புறம் டிரைவர் லாரியை மலைப் பக்கம் ஒடித்து மண்மேட்டில் சாய்த்தார். லாரி முட்டிக்கொண்டு நின்றது. நாலைந்து முட்டைக்கோஸ்கள் மட்டும் சாலையில் உருண்டு ஓடின.

அப்பாடா என்று முதலில் மூச்சு விட்டது பிலோமினாதான்.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"மேல ஒதுங்குற இடத்துலயே நிறுத்தத்தான் பார்த்தேங்கய்யா. மிதிச்சேன், நிக்கல. கியரைக் குறைச்சு இங்க வந்துதான் கொஞ்சம் பிடிச்சது. நீங்க எடுக்கலைன்னா உங்களையும் இழுத்துக்கிட்டுத்தான் போயிருப்பேன்."

ஆனைமுத்து டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க பின்வாங்கிப் பார்க்கிறேன்."

கிளீனர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆனைமுத்துவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. போகும்போது கிளீனர் உருண்டு ஓடிய முட்டைக்கோஸ் ஒன்றைப் பொறுக்கி வந்து சொர்ணத்தின் பக்கத்தில் வைத்தார்.

மேல்காடு வந்ததும் ஆனைமுத்து கேட்டார்.

"டீச்சர், அப்ப அந்த விதிக்கு என்ன அர்த்தம்? ஏறுகிறவனுக்கு வழின்னு எழுதி வச்சிருக்காங்களே?"

"எங்க எழுதியிருக்கு சார்?"

"புத்தகத்துலதான்."

"வீட்டுக்குப் போய்ப் பாருங்க. 'வழி உனக்கு'ன்னு எங்க எழுதியிருக்குன்னு தேடிச் சொல்லுங்க."

அன்று மாலை ஆனைமுத்து சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்தார், பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி. முந்த வருகிற வண்டிக்கு இடம் கொடு, வேகத்தைக் கூட்டாதே. வலப்பக்கம் திரும்பும் முன் எதிரே வருகிறவரைப் போக விடு. சந்திலிருந்து வரும்போது நின்று, பெரிய சாலையில் வருகிறவருக்கு வழி விடு. ஆம்புலன்ஸ் வந்தால் ஓரம் கட்டு. மலையில் இறங்கும்போது ஏறுகிறவருக்கு நின்று வழி விடு.

கடைசிப் பக்கம் வரை போனார். மறுபடி முதலிலிருந்து வந்தார். மனப்பாடமாகத் தெரிந்த புத்தகம், முதல் முறை படிப்பதுபோல் இருந்தது.

வியாழக்கிழமை டெஸ்டில், சொல்லி வைத்த மாதிரி மறுபடியும் ஓர் ஆட்டோ இடப்பக்கமாகப் புகுந்து முன்னால் வந்தது. ஆனைமுத்துவுக்கு வாய் துறுதுறுத்தது. கண்ணாடியைப் பார்த்தார். வேகத்தைக் குறைத்தார். ஆட்டோ போயிற்று.

"என்ன சார், இந்தத் தடவை ஒண்ணும் சொல்லலையா?" என்றார் இன்ஸ்பெக்டர். அதே இன்ஸ்பெக்டர்தான்.

"அவருக்கு ஏதோ அவசரம் போலிருக்கு" என்றார் ஆனைமுத்து.

இன்ஸ்பெக்டர் தாளில் 'பாஸ்' என்று எழுதினார்.

ஆனைமுத்து வெளியே வந்து சொர்ணத்துக்குப் போன் போட்டார். அவர் எடுத்ததுமே கேட்டார்.

"என்ன, மறுபடியும் பாடம் நடத்திட்டீங்களா?"

"இல்ல சொர்ணம். பாஸ்."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு வந்த முதல் டயாலிசிஸ் நாள். சொர்ணத்தின் தம்பி கொடுத்திருந்த பழைய கார் வாசலில் நின்றது. பிலோமினா வழியனுப்ப வந்திருந்தார். இதுவரை குரு உட்கார்ந்திருந்த பக்கத்து சீட்டில் இன்று சொர்ணம் உட்கார்ந்திருந்தார், பெல்ட் போட்டுக்கொண்டு, மடியில் மருந்துப் பையோடு.

ஆனைமுத்து சாவியைத் திருகவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"டீச்சர், முழுக்கத் தேடிட்டேன்."

"என்ன கிடைச்சது சார்?"

"'வழி விடு'ன்னு பதினொரு இடத்துல இருக்கு. 'வழி உனக்கு'ன்னு ஒரு இடத்துலயும் இல்ல."

பிலோமினா தலையாட்டினார்.

"அப்ப ஏறுகிறவனுக்கு வழி எங்கிருந்துதான் வரும்?"

"எதிர்ல வர்றவர் கொடுப்பார் சார். கொடுத்தா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க."

"கொடுக்கலைன்னா?"

பிலோமினா குனிந்து, அவரைத் தாண்டி, பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் லேட்டாப் போய்ச் சேருவீங்க சார். ரெண்டு பேரும் சேருவீங்க."