பூரணி நிரப்பிய டேங்க்

“டிராக்டருக்குக் கார்புரேட்டரையே புதுசா மாத்திட்டேன், அம்மா. அதுவும் அடைச்சுக்கிச்சு.”

மடத்து வாசலில் நின்றபடியே திருமேனி முறையிட்டார். வணங்கவும் மறந்திருந்தார்.

மங்கையர்க்கரசி அம்மையார் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வயதில் திருமேனியைவிட இளையவர். ஆயினும், குருவென்று திருமேனி வரித்துக்கொண்டது அவரைத்தான்.

“ஊர்ல மெக்கானிக் எல்லாம் செத்துட்டாங்களா?”

“பழைய இரும்புக்குப் போடச் சொல்றாங்க.”

“போடறதுதானே?”

“அது பூரணி ஓட்டின டிராக்டர்.”

கத்தி நின்றது.

பூரணி திருமேனியின் மனைவி. பெட்ரோலில் ஓடும் தோட்டத்துச் சிறு டிராக்டரில் அவள் ஏறி அமர்ந்தால், அதன் தடதடப்பை வைத்தே, எந்த மரத்தடியில் திரும்புகிறாள் என்று வீட்டுக்குள்ளிருந்து அவர் சொல்லிவிடுவார். அவள் போய் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன.

“ஒரே ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டாப் போதும், அம்மா.”

அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நடங்க.”

திருமேனியின் கொட்டகையில் டிராக்டர் தூசியில்லாமல் பளபளத்தது. மடத்தின் மருந்தடிக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பழகிய கை அம்மையாருடையது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திருகி எடுத்தார். உள்ளே வெல்லப்பாகு போலப் பழுப்பாக எதுவோ உறைந்திருந்தது.

முகர்ந்து பார்த்தார்.

“வார்னிஷ் நாத்தம் அடிக்குது. பெட்ரோல் கெட்டுப் பிசினாயிருக்கு. இது எப்ப ஊத்தினது?”

திருமேனி தோள் துண்டால் டிராக்டரைத் துடைக்கத் தொடங்கினார்.

“உங்களைத்தான் கேட்டேன். டிராக்டரை இல்ல.”

“அவ நிரப்பி வச்சது. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி.”

“ஒவ்வொரு தடவை கழட்டும்போதும் இதை என்ன செஞ்சீங்க?”

“பாட்டில்ல பிடிச்சு, துணியில வடிகட்டி, திரும்ப ஊத்திடுவேன்.” அவர் குரலில் சிறிது பெருமிதம்கூட இருந்தது. “ஒரு சொட்டு சிந்தினதில்ல.”

“கெட்டிக்காரர்தான்.”

அம்மையார் மூலையில் கிடந்த காலிக் கேனை எடுத்து நீட்டினார்.

திருமேனி அதை வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூரணியும் இப்படித்தான் நீட்டுவா. நான் வாசல் தாண்டி, வளைவுல நின்னு, எத்தனை லிட்டர்னு கத்துவேன். ‘எத்தனை வருஷமா இதையே கேப்பீங்க? டேங்க் என்ன, வளர்ந்துக்கிட்டா இருக்கு?’ன்னு திட்டுவா.”

அம்மையாரின் கை நீட்டியபடியே இருந்தது.

“நீங்க ஒரு தடவை அதைச் சொல்லுங்கம்மா.”

“எதுக்கு? அதையும் பாட்டில்ல பிடிச்சு வைக்கவா? போங்க, பங்க் மூடிடுவாங்க.”

திருமேனி குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு டேங்கின் அடியில் இருந்த குழாயை உருவிவிட்டார். பழுப்புத் திரவம் பழைய வாளிக்குள் மெல்ல இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, கேனை வாங்கிக்கொண்டு நடந்தார்.

வளைவில் அவர் கால்கள் தாமாகவே நின்றன.

“எத்தனை லிட்டர்?”

கத்தியது தாம்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

கொட்டகையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

காலிக் கேனோடு நடுப்பாதையில் நின்று, திருமேனி வாய்விட்டுச் சிரித்தார்.