ஐந்து மந்திரிகளும் சும்மா இருந்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அங்கேதான் என் மாமனார் வீடு என்று யாராவது கிளம்பி வருவார்கள். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அந்த ராஜ்ஜியத்தை மகிபாலன் என்கிற ராஜா ஆண்டார். நல்ல மனிதர்தான். ஆனால் எங்கேயாவது விருந்துக்குப் போய்வந்தால், அங்கே பார்த்ததை இங்கேயும் செய்யச் சொல்லுவார். ராஜா வெளியூர் போகிறார் என்றாலே அரண்மனையில் எல்லோரும் சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள்.

அவருக்கு ஐந்து மந்திரிகள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் நடுவில் ஒரு தாம்பூலத் தட்டை வைப்பார்கள். ஐந்து பேரும் ஆளுக்கொரு வெற்றிலை எடுத்தால் முடிவு ஆயிற்று என்று அர்த்தம். எடுத்த வெற்றிலையைத் திருப்பி வைக்க முடியாது. ஒருவர் எடுக்காவிட்டாலும் காரியம் நின்றுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் காரியம் கெட்டுப்போனால், முதலில் கை நீட்டியவர் தலைதான் உருளும் என்பதும் வழக்கம். ஆகையால் யாரும் முதலில் கை நீட்டுவதில்லை. ஐந்து பேரும் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெற்றிலை வாடும். மறுநாள் புது வெற்றிலை வரும்.

இப்படி வாடிப்போன காரியங்களில் ஒன்று கீழைப்பாடி ஏரிக்கரை. கரை ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது. கரைக்கு நேர் கீழே ஊர். ஊர்க்காரர்கள் தங்களால் ஆன மண்ணைக் கொட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. சுற்றுவட்டார ஆட்களும் வண்டிகளும் வந்தால்தான் அடைக்க முடியும். அதற்கு ராஜ உத்தரவு வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அடைக்காவிட்டால் ஊர் போய்விடும். இதைச் சொல்ல வந்த பொன்னாச்சி என்கிறவள் அரண்மனை வாசலிலேயே கிடந்தாள்.

அரண்மனை விகடகவி வீழிநாதன் தினமும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஊரையே சிரிக்க வைக்கிறவன் என்று அவனுக்குப் பெயர். அவனுக்கோ, சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்து, சிரிப்புச் சத்தம் கேட்டாலே தலைவலி வரும் நிலைமை.

"ஐயா, எம் மக நிறைமாசமாப் படுத்திருக்கா. தூக்கிக்கிட்டுப் போக வழியில்ல. மழை வந்தா நாங்க எங்க போறது? அந்த அஞ்சு பேருல ஒருத்தருக்காவது கை நீளாதா?" என்று கேட்டாள் பொன்னாச்சி.

"பத்துக் கை இருக்கிறது தாயி. முதல் கைதான் இல்லை" என்று சொல்லிவிட்டு வீழிநாதன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்குத்தான் ராஜா பக்கத்து ராஜ்ஜியத்துக் கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்தார். வந்ததும் வராததுமாகச் சபையைக் கூட்டினார்.

"மந்திரிகளே, அங்கே மந்திரிமார் எல்லோரும் கூட்டுப் பயிற்சி செய்கிறார்கள். சேர்ந்து ஓடுகிறார்கள், சேர்ந்து குதிக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு ஒரே நோக்கம், ஒரே முடிவு. நீங்களும் ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். அது முடிகிற வரையில் வேறெந்தக் காரியமும் தட்டுக்கு வரக்கூடாது."

தளபதி கயிறு இழுக்கலாம் என்றார். அவருக்குப் புஜபலம் உண்டு. பொக்கிஷ மந்திரி பல்லாங்குழி ஆடலாம் என்றார். அவரை அதில் யாரும் ஜெயித்ததில்லை. சோதிட மந்திரி நல்ல நேரம் பார்த்துச் சேர்ந்து பாடலாம் என்றார். நிலவரி பார்க்கும் புரவு மந்திரிக்குப் பாட்டு ஆகாது, குதிரைச் சவாரி என்றார். முதன்மந்திரி அரசகேசரி எல்லாவற்றையும் ஆராய ஒரு குழு போடலாம் என்றார். வெற்றிலை வாடியது.

பொறுமையிழந்த ராஜா தாமே உறியடிக்கு உத்தரவிட்டார். தளபதியின் கண்ணைக் கட்டிக் கையில் தடியைக் கொடுத்தார்கள். மற்ற நால்வரும் வழி சொல்லவேண்டும். ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார், ஒருவர் நில் என்றார், அரசகேசரி எதற்கும் யோசித்துச் செய் என்றார். தடி பொக்கிஷ மந்திரியின் தலைப்பாகையில் இறங்கியது. உறியில் இருந்த பானை அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

ராஜா கோபத்தோடு எழுந்தபோது, அரசகேசரி கைகூப்பினார். அவருக்கு வீழிநாதனைக் கண்டால் ஆகாது. தம் யோசனைகளுக்கு ராஜா தலையை மட்டும் அசைக்கிறார், அவன் யோசனைகளுக்குச் சிரிக்கிறார் என்பது அவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"மகாராஜா, இவ்வளவு நுட்பமான தேர்வை எங்கள் வீழிநாதனிடம் ஒப்படைக்கலாமே. நாங்கள் ஐவரும் வெற்றிலை எடுக்கும்படியான ஒரு பயிற்சியை அவர் நாளைக்குச் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், அவரால் இந்தச் சபைக்கு என்ன பிரயோஜனம்? எல்லை தாண்டிப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அன்று மாலையே அரசகேசரி மற்ற நால்வரையும் தம் வீட்டுக்கு அழைத்து, அவன் எதைச் சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லி, அதிரசமும் கொடுத்து அனுப்பினார்.

எல்லை தாண்டுவது வீழிநாதனுக்குப் பெரிய தண்டனையாகப் படவில்லை. அந்தப் பக்கம் போய் ஒரு மரத்தடியில் படுத்தால், யாரும் எழுப்பி ஒரு விகடம் சொல் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் வாசலில் பொன்னாச்சி இருந்தாள். பயிற்சி என்ற ஒன்று தொடங்கி முடியாமல் அவள் ஊர்க் காரியம் தட்டுக்கு வராது. அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டே யோசித்தான்.

மறுநாள் சபை கூடியது. தட்டு வந்தது. ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"மகாராஜா, மந்திரி பெருமக்களுக்கு நான் தேர்ந்தெடுத்த பயிற்சி, சும்மா இருப்பது" என்றான் வீழிநாதன்.

"சும்மாவா?" என்றார் ராஜா.

"ஆமாம் மகாராஜா. ஐவரும் ஒரே இடத்தில் காலையிலிருந்து அந்தி வரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஓடவேண்டாம், இழுக்கவேண்டாம், பாடவேண்டாம். நிழலான இடம், குளிர்ந்த காற்று, பக்கத்திலேயே தண்ணீர். இடத்தை நான் பார்க்கிறேன். சாப்பாடு அரண்மனையிலிருந்து வரும். நடுவில் எழுந்து போகிறவர் மட்டும் ஒற்றுமையைக் குலைத்தவர். அவர் பதவி அடுத்தவருக்கு."

"இதில் பொது நோக்கம் எங்கே இருக்கிறது?"

"உட்கார்ந்தால் வரும் மகாராஜா."

சபையில் ஒரு விநோதம் நடந்தது. சோதிட மந்திரியின் கை மெதுவாக அவிழ்ந்தது. சும்மா இருந்ததற்காக அந்த ராஜ்ஜியத்தில் இதுவரை யார் தலையும் உருண்டதில்லை. அவர் ஒரு வெற்றிலையை எடுத்தார். அவர் எடுத்துவிட்டார், இனிப் பயமில்லை என்று மற்ற மூவரும் எடுத்தார்கள். அதிரசம் வீணாகிவிட்டதே என்று அரசகேசரி பல்லைக் கடித்தார். பிறகு அவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்தக் கூத்தைப் பார்த்து நாளாக ஆக ராஜாவுக்கே கோபம் வரும். கோபம் வீழிநாதன் மேல்தான் பாயும். அதுவரையில் தமக்கும் ஓய்வு.

"ஒரு நாள் இருந்தால் பயிற்சி ஆகுமா? ஒரு மண்டலம் இருக்கவேண்டும். சம்மதமா?" என்று கேட்டார்.

"தங்கள் சித்தம்" என்றான் வீழிநாதன்.

அரசகேசரி கடைசி வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்து பல்லக்குகளும் கீழைப்பாடியில் போய் இறங்கின. ஏரிக்கரைக்கு அடியில், கசிவுக்கு நேர் எதிரே பந்தல் போட்டு, ஐந்து மெத்தைகள் விரித்திருந்தார்கள். வீழிநாதன் சொன்னபடி நிழல் இருந்தது, குளிர்ந்த காற்று இருந்தது. ஐந்து பேரும் திருப்தியாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தளபதி நெளிந்தார்.

"வீழிநாதரே, மெத்தை நனைந்திருக்கிறதே. இது எங்கிருந்து வருகிறது?"

"ஏரியிலிருந்து."

"ஏரி எங்கே இருக்கிறது?"

"மேலே" என்று வீழிநாதன் விரலை உயர்த்திக் காட்டினான்.

ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பனைமர உயரத்துக்குக் கரை நின்றது. அதன் நடுவயிற்றில் ஈரம் பளபளத்தது. ஒரு மண்கட்டி தானாகக் கழன்று உருண்டு, பொக்கிஷ மந்திரியின் காலடியில் வந்து நின்றது.

"பந்தலை வேறிடத்துக்கு மாற்று" என்றார் அரசகேசரி.

"வெற்றிலை எடுத்தாகிவிட்டதே ஐயா. வேண்டுமானால் தாங்கள் முதலில் எழுந்து போகலாம்."

அரசகேசரி மற்ற நால்வரையும் பார்த்தார். நால்வரும் அவர் எழுந்திருப்பாரா என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு மண்டலம் என்றால் எதுவரைக்கும் வருகிறது?" என்று சோதிட மந்திரி தீனமான குரலில் கேட்டார். அவருக்கே தெரியும். ஐப்பசி முழுவதும் அதற்குள் அடக்கம். மேற்கே வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது.

வீழிநாதனோடு ஊர் திரும்பியிருந்த பொன்னாச்சி மோர் கொண்டுவந்து, ஐந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எங்க வீடும் இந்தா, பக்கத்துலதான் சாமி. நாங்க எல்லாரும் வருசக்கணக்கா இந்தப் பயிற்சியிலதான் இருக்கோம்" என்றாள்.

தளபதி கரையை மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். "இந்தக் கரையை அடைக்க உத்தரவு போடாமல் இருப்பது எந்த மடையன்?"

"ஐந்து பேர் ஐயா" என்றான் வீழிநாதன். அவன் குரலில் கேலி இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "பயிற்சி முடிகிற வரையில் வேறு காரியம் கூடாது என்று சொல்லியிருந்த மகாராஜாவிடம், நேற்றிரவு பணிந்து கேட்டேன். பயிற்சி நடக்கிற இடத்துக் காரியம் மட்டும் வரலாம் என்று விட்டுக்கொடுத்தார். தட்டு தயாராக இருக்கிறது."

தட்டு வைத்த ஆள் கையை எடுப்பதற்குள் பத்துக் கைகள் அதன்மேல் விழுந்தன. யார் முதலில் எடுத்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அரசகேசரியின் மீசையெல்லாம் சுண்ணாம்பு. மத்தியானச் சாப்பாடு வருவதற்குள் உத்தரவு நாலு திசையும் பறந்தது. பொழுது சாய்வதற்குள் வண்டிகள் வந்தன. களிமண்ணும் வைக்கோலும் மரமும் வந்தன. உட்கார்ந்த இடத்திலிருந்து ஐந்து மந்திரிகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். அதிசயம் என்னவென்றால், ஐந்து பேரும் ஒரே வார்த்தையைக் கத்தினார்கள். இன்னும் மண், இன்னும் மண் என்று.

கரை கெட்டிப்பட்ட பிறகுதான் மழை வந்தது. விடாமல் அடித்தது. மந்திரிகள் பந்தலுக்குள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரி நிறைந்து, உபரி நீர் போகும் கலிங்கல் வழியே வழிந்தது. கரை அசையவில்லை. அந்த மழையிலேயே பொன்னாச்சியின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தன் வீட்டிலேயே, உலர்ந்த பாயில்.

மழை விட்டதும் ராஜா பயிற்சியைப் பார்வையிட யானைமேல் வந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார். சுண்ணாம்பு மீசையைப் பற்றிக் கேட்டபோது சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தார்.

"வீழிநாதா, ஐந்து பேருக்கும் ஒற்றுமையைக் கற்றுக்கொடுத்துவிட்டாய்."

"ஒற்றுமை வந்ததா என்று எனக்குத் தெரியாது மகாராஜா. ஒன்றாக நனைந்தார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

"எல்லோரும் சிரிக்கிறோம், உன் முகம் மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?"

"ஒரு கூடை மண் கரை ஏறுவதற்கு ஐந்து மந்திரிகளின் வேட்டி நனையவேண்டியிருக்கிறதே மகாராஜா. எத்தனை ஏரி இருக்கிறது. நான் எத்தனை இடத்தில் மெத்தை விரிப்பேன்?"

ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஒவ்வொரு ஐப்பசியிலும் சபை இந்தப் பந்தலில் கூடவேண்டும். அது போதும்."

"தந்தேன். ஐந்து மந்திரிகளும் வருவார்கள்" என்று ராஜா மறுபடியும் சிரித்தார்.

"சபை என்றால் ஆறு இருக்கை மகாராஜா" என்று வீழிநாதன் பந்தலுக்குள் கை காட்டினான். கரையை ஒட்டி, எல்லா மெத்தைகளுக்கும் முன்னால், ஆறாவதாக ஒரு மெத்தை புதிதாக விரித்திருந்தது.

ராஜாவின் சிரிப்பு நின்றது. அவர் மெத்தையைப் பார்த்தார். அண்ணாந்து கரையைப் பார்த்தார். பிறகு யானையிலிருந்து இறங்கி, கரையோரம் போய், மண் கெட்டியாக இருக்கிறதா என்று தம் கையாலேயே அழுத்திப் பார்த்தார்.