செட் என்ற சொல் கரையேறிய கதை

அந்தக் காலத்தில் சொற்களுக்கும் கால் இருந்தது. அவை நடந்தன, பேசின, பசித்தன. யாராவது வாயாரக் கூப்பிட்டால்தான் அவற்றுக்குப் பசியாறும். கூப்பிட ஆளில்லாத சொல் நாளுக்கு நாள் மெலிந்து, கடைசியில் வெறும் காற்றாகப் போய்விடும்.

உள்ளூர்ச் சொற்கள் வீடுகளிலேயே குடியிருந்தன. கப்பலில் வந்து இறங்கும் ஆங்கிலச் சொற்களுக்குக் கடற்கரையில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குப் பொறுப்பு ஒரு கூழைக்கடா. கப்பல் நங்கூரம் போட்டதும் பறந்துபோய், தாடைப் பையில் சொற்களை அள்ளிவந்து கரையில் கொட்டும். ஊர்க்காரர்கள் காலையில் வந்து வேண்டிய சொல்லை இரவல் வாங்கிப் போவார்கள்; பொழுது சாயுமுன் கொண்டுவந்து விடுவார்கள்.

இரவல் என்றால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். நாலு முறுக்கோ, கைப்பிடி அவலோ, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். சொல்லையும் அப்படித்தான் கொண்டுவிடப் பார்த்தார்கள். ஆனால் கப்பலில் வந்த சொற்கள் தங்கள் அர்த்தத்தை டிரங்குப் பெட்டியில் திணித்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவை. “பெட்டி நிறைந்திருக்கிறது, எதையும் போடாதீர்கள்” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். கொண்டுவந்த அவலைத் திரும்பத் தூக்கிப் போவது யாருக்குப் பிடிக்கும்? ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை.

கொட்டகையின் சட்டமோ அந்த மறுமுறையில்தான் இருந்தது. கப்பல் ஆறு நாள் நிற்கும். அதற்குள், ஒரு தடவை கொண்டுபோனவரே மறுபடி தேடி வந்து கேட்டால் அந்தச் சொல் கரையில் தங்கலாம். கேட்காவிட்டால் கப்பலேற வேண்டும்.

ஒருமுறை கூழைக்கடாவின் பையிலிருந்து கடைசியாக உருண்டு விழுந்தது செட். ஆள் சின்னது. கையில் பெட்டிகூட இல்லை, ஒரு தகர டப்பா.

“உள்ளே என்னடே இருக்கு?” என்றது கூழைக்கடா.

“ஒரு பொருளை அதன் இடத்தில் இருத்துவது. அதுதான் என் வேலை.”

கொட்டகை வேலிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த உள்ளூர்ச் சொல் ஒன்று விழுந்து விழுந்து சிரித்தது. வை என்று பெயர். தினம் ஆயிரம் வாய் கூப்பிடுகிற சொல். அதனால் நல்ல உடம்பு.

“நல்ல ஆளா அனுப்பியிருக்காவ! உலை வைக்கிறதும் நான், இலை வைக்கிறதும் நான், பொட்டு வைக்கிறதும் பேர் வைக்கிறதும் நான். நீரு வந்து என்னத்தவே வைக்கப் போறீரு?”

செட் தகர டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டது.

“விடு. போணியாகாட்டா ஊருக்குத்தானே போகப் போறே?” என்றது கூழைக்கடா.

“அங்கே பொருளை வைக்கும் என் வேலையைப் புட் என்ற சொல் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால் இடமில்லை என்று கேப்டன் சொல்லிவிட்டார். நடுக்கடலில் இறக்கிவிடுவாராம்.”

நடுக்கடலில் வாய் ஏது, கூப்பிட?

நாலு நாள் போயிற்று. செட்டை யாரும் தொடவில்லை. அதன் தோள் வழியாகப் பின்னால் இருக்கும் கடல் தெரிய ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் காலையில் தங்கபுஷ்பம் வந்தாள். கொட்டகைக்கு எதிரிலேயே தோசைக் கடை வைத்திருந்தவள். அவள் தோசை உள்ளங்கை அகலம்தான், பஞ்சாக இருக்கும். “கூட்டம் அலைமோதுது. ஏதாவது ஒரு சொல்லைக் கொடுங்க அண்ணாச்சி” என்று கூழைக்கடாவிடம் கேட்டு, செட்டைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள்.

உதவவில்லை. தட்டை எடுத்து வைக்கவும், சட்டியை இறக்கி வைக்கவும் அவள் வாயில் வைதான் வந்தது. உச்சிப் பொழுதுக்கு முன்னாலேயே செட்டைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை. வாழையிலையில் மூன்று தோசை இருந்தது.

“டப்பாவைத் திற, ராசா.”

திறந்தது. உள்ளே விளிம்புவரை அந்த ஒற்றை அர்த்தம் கெட்டியாக உறைந்து கிடந்தது. ஒரு கடுகுக்கும் இடமில்லை.

“உனக்கு வேலையும் கொடுக்கல. வாயில போட ஒண்ணும் கொடுக்காம எப்படி அனுப்புவேன்?” தங்கபுஷ்பம் நின்ற இடத்திலேயே நின்றாள். போகவும் மனசில்லை, கொடுக்கவும் வழியில்லை.

செட் அவள் கையைப் பார்த்தது. நாலு நாளாக எல்லாரும் ‘உனக்கு என்ன தெரியும்’ என்றுதான் கேட்டார்கள். இவள் ஒருத்திதான் எதையோ கொடுப்பதற்காக நிற்கிறாள்.

டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தது. அடியில் ஒரு தட்டுத் தட்டியது. அர்த்தம் மணலில் விழுந்தது. ஒரு அலை வந்து அள்ளிப் போயிற்று.

“ஏலே, கெடுத்தியே!” கூழைக்கடா சிறகை அடித்துக்கொண்டு ஓடிவந்தது. “அர்த்தம் இல்லாத சொல்லு வெறும் சத்தம்டே! சாயங்காலம்வரைகூடத் தாங்கமாட்டே!”

“இப்போது இடம் இருக்கிறது, அம்மா. போடுங்கள்” என்றது செட்.

அவள் மூன்றையும் டப்பாவில் அடுக்கினாள். “ஒண்ணே ஒண்ணு போட்டா கை கூசும். எங்கடைத் தோசை மூணும் சேர்ந்தாத்தான் ஒரு ஆளு பசிக்கு ஆகும். பிரிச்சுடாத, என்ன?”

தோசைச் சூடு அடங்கியது. ஆனால் அவள் சொன்ன அந்தச் ‘சேர்ந்தாத்தான்’ டப்பாவுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். “தங்கபுஷ்பம், அதுக்குக் கொடுத்த மாதிரி சேர்த்து எனக்கும் கொடேன். அது… அதுக்குப் பேரு என்ன?”

“செட்” என்றது செட்.

“சரி, ஒரு செட்டு.”

“எனக்கு ரெண்டு செட்டு!” என்றார் படகிலிருந்து இன்னொருவர்.

கூப்பிடக் கூப்பிட அதன் தோளில் சதை ஏறியது. கடல் மறைந்தது.

அன்று பிற்பகலே தோட்டக்காரர் இசக்கிமுத்து வந்து செட்டை இரவல் வாங்கிப் போனார். மோட்டார், குழாய், வால்வு, பெல்ட் என்று தோட்டத்தில் இறக்கிப் போட்டிருந்தார். ஒன்று குறைந்தாலும் மீதியெல்லாம் இரும்புதான். எல்லாம் பொருந்தித் தண்ணீர் பீய்ச்சினபோது, “பம்பு செட்டு ஓடுது!” என்று கத்தினார். திரும்பக் கொண்டுவிடும்போது டப்பாவில் ஈரச் செம்மண் ஒரு பிடி போட்டார். நாடகக் கம்பெனிக்காரர் மூங்கிலும் சீலையுமாக அரண்மனை செட்டு போட்டுவிட்டுக் கொஞ்சம் ஜிகினாத்தாள் போட்டார். கல்யாணத் தரகர் செல்லக்கனிக்குத்தான் பெரிய சிக்கல். பெண்ணும் நல்ல பெண், பையனும் நல்ல பையன், ஆனால் பேச்சு கூடிவரவில்லை. யாரைக் குறை சொல்வது? “செட் ஆகல, அவ்வளவுதான்” என்றாள். இரண்டு வீட்டாரும் கோபமில்லாமல் எழுந்து போனார்கள். டப்பாவில் ஒரு கொட்டைப்பாக்கு விழுந்தது.

செட் டப்பாவைப் பூட்டவில்லை. புதிதாக ஒன்று விழும்போது உள்ளே இருந்தவை பஸ்ஸில் இருப்பவர்கள் போல ஒதுங்கி இடம் விட்டன.

ஆறாம் நாள் காலையில் கேப்டன் இறங்கி வந்தார். நேரே போய் செட்டின் கையைப் பிடித்தார்.

“மறுபடி கேட்க வந்திருக்காங்க!” என்று கூழைக்கடா குறுக்கே விழுந்தது. வாசலில் தங்கபுஷ்பம், இசக்கிமுத்து, நாடகக்காரர், செல்லக்கனி நாலு பேரும் நின்றார்கள்.

“சொல்லாக இருந்தால்தானே சட்டம்?” என்றார் கேப்டன். “உன் அர்த்தம் என்ன? சொல்.”

செட் டப்பாவைப் பார்த்தது. செம்மண், ஜிகினா, பாக்கு, தோசையின் ‘சேர்ந்தாத்தான்’. இதில் எதைச் சொல்வது?

“எனக்கென்று ஒன்று கிடையாது ஐயா” என்றது நிமிர்ந்து. “கூப்பிடுகிறவர்களுக்கு என்ன வேண்டுமோ அதுதான். அவர்களைக் கேளுங்கள்.”

“பார்த்தீர்களா, இது வெறும் சத்தம்” என்று கேப்டன் இழுத்தார். படகு வரை இழுத்துவிட்டார்.

“யோவ், என் அடுப்புல கல்லு காயுதுய்யா!” தங்கபுஷ்பம் கத்தினாள். “ஏ செட்டு, வா இங்க!” அதே மூச்சில் இசக்கிமுத்து கூப்பிட்டார், நாடகக்காரர் கூப்பிட்டார், செல்லக்கனியும் கூப்பிட்டாள். நாலு திசையிலிருந்து நாலு குரல்.

வேலியோரம் நின்ற வை கைதட்டிச் சிரித்தது. “எங்கவே போவீரு? எந்தப் பக்கம்?”

செட் எல்லாப் பக்கமும் போயிற்று. அடுப்படியில் இருந்தது, கிணற்று மேட்டில் இருந்தது, மேடையில் இருந்தது, செல்லக்கனியின் நாக்கு நுனியிலும் இருந்தது. கேப்டன் கையை விரித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. எந்தச் செட்டைப் பிடிப்பது என்று தெரியாமல் தனியே படகேறினார்.

அன்று தொட்டுத்தான் நம் ஊரில் அந்தச் சொல்லை யாரும் ‘உனக்கு என்ன அர்த்தம்’ என்று கேட்பதில்லை. நகை செட்டானாலும் சினிமா செட்டானாலும் ஒன்றாகப் படித்த செட்டானாலும் என்ன வேலை என்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அது வந்து நிற்கிறது.