எல்லைக்கு அப்பால் ஒரு நீலப் புள்ளி

பெர்சிஸ் மிஸ்ஸை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது முந்தலில், போடிமெட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்து டீக்கடையில். என்னுடைய சிம் கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. அதைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை, கொடுக்க அவருக்கும் தோன்றவில்லை.

அவர் தேனியில் பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். என் மகள் வயதுதான் இருக்கும். வகுப்பில் ஆண் என்று நான் ஒருவன். எல்லோருக்கும் மூத்தவனும் நான்தான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். வழிதான் தெரியாது.

"இத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்க. வழி தெரியாதுன்னா எப்படி சார்?" என்று முதல் நாள் கேட்டார்.

"பின்னாடி வீட்டுக்காரி உக்காந்திருப்பா மிஸ். இடது பக்கம் திரும்பணும்னா இடது தோள்ல தட்டுவா. வலதுன்னா வலது. நான் குழியைப் பார்த்து ஓட்டுவேன், அவ்வளவுதான்."

"இப்ப?"

"இப்ப பின்னாடி யாரும் இல்லை."

பக்கத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்த பெண் சிரிப்பை நிறுத்தினாள். மிஸ் என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க போகணும்?"

"சாந்தன்பாறைக்கு அங்கிட்டு. ஏலக்காய் எஸ்டேட்ல என் மச்சினன் பூவலிங்கம் படுத்த படுக்கையாக் கிடக்கான். மழைக்கு முன்னாடி வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகச் சொல்லி ஜீப்காரர்கிட்ட சொல்லி விட்டிருக்கான். மழையைத் தாண்டமாட்டோம்னு அவனுக்கே தோணியிருக்கு."

"அந்த ஜீப்லயே போயிரலாமே?"

"போகலாம். போனா, 'அக்கா இல்லாம உங்களுக்கு வழி தெரியாதுல்ல மச்சான்'ம்பான். படுத்துக்கிட்டே சொல்லுவான்."

மிஸ் சிரித்தார். ஹேண்டில்பாரில் போனை மாட்டும் கிளிப் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். வீட்டில் இருக்கும்போதே மேப்பை இறக்கிக்கொள்ளச் சொன்னார். போகிற வழியில் டவர் இல்லாவிட்டாலும் அது திறக்கும் என்றார். பிடித்த இடத்தில் விரலை அழுத்தினால் நட்சத்திரம் விழும் என்று காட்டினார். அது எதற்கு என்று கேட்டேன். "சும்மா தெரிஞ்சு வச்சுக்கோங்க" என்றார்.

மறுநாள் இறக்கியதைக் காட்டினேன். திரையில் தமிழ்நாடு என்று இருந்தது.

"இது போதுமா சார்?"

"தாராளமாப் போதும் மிஸ். நான் என்ன டெல்லிக்கா போறேன்?"

அவர் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

புறப்படும் நாள் காலையில் முந்தல் வரை தன் வண்டியில் கூடவே வந்தார். டீ குடித்தோம். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பல நாளாக உள்ளே கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"அங்க ஒரு கம்பெனி டவரும் கிடையாது மிஸ். டவர் இல்லாத இடத்துல இதுக்கு யார் வழி சொல்றது?"

அவர் கம்மலைக் கழற்றினார். அதன் முனையால் போனின் ஓரத்தைக் குத்தி, சிம் கார்டை வெளியே எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஐயையோ, ஏதாவது அவசரம்னா?"

"டவர் இல்லாத இடத்துல சிம் இருந்து என்ன பண்ணப்போறீங்க? போயிட்டு வாங்க சார். சாயங்காலம் இங்கதான் இருப்பேன்."

மலை ஏறினேன். சிம் இல்லாத போனில் நீலப் புள்ளி நகர்ந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது எனக்கு முன்னால் திரும்புவது போல இருந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டே போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினேன்.

தாண்டியதும் ரோடு காணாமல் போனது. கண்ணுக்கு முன்னால் இருந்தது, போனில் இல்லை. கோடு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை. முழுக்க வெள்ளை. நடுவில் நீலப் புள்ளி மட்டும்.

வண்டியை நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பூவலிங்கத்தின் எஸ்டேட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அது கேரளா என்பது எனக்கு ஒரு நாளும் நினைவில் நின்றதே இல்லை.

திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவன் சொல்லப்போவது காதில் கேட்டது.

ஏலக்காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. கை காட்டினேன்.

"என்ன தாத்தா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றாள் ஒருத்தி.

"வண்டி நல்லாத்தான் இருக்கு தாயி. மேப்தான் தீந்துபோச்சு."

ஜீப் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் சாந்தன்பாறை வரை வழி சொன்னார். "அதுக்கப்புறம் பாதை பிரிஞ்சுக்கிட்டே போகும். பிரியிற இடத்துல எல்லாம் யாரையாச்சும் கேட்டுக்கோங்க" என்றார்.

பிரிகிற இடத்தில் எல்லாம் நின்றேன். கேட்டேன். ஆள் இல்லாவிட்டால் வரும்வரை நின்றேன். திரும்பி வர வேண்டுமே என்று ஒவ்வொரு பிரிவிலும் புள்ளியின் மேல் விரலை அழுத்தினேன். வெள்ளையில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. ஓர் இடத்தில் யாரையும் கேட்காமல் இடது பக்கம் திரும்பினேன். பாதை ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோரின் வாசலில் போய் முடிந்தது. போனைப் பார்த்து, புள்ளியை முந்தைய நட்சத்திரத்துக்கே கொண்டுவந்து சேர்த்து, அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திவிட்டு, வலது பக்கம் போனேன்.

பூவலிங்கம் ஜன்னல் பக்கம் படுத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தான்.

"யாரு கூட்டிட்டு வந்தது மச்சான்?"

"யாருமில்லப்பா. தனியா."

"தனியாவா?"

"கேட்டுக் கேட்டு வந்தேன்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். சாப்பிடும்வரை விடவில்லை. கேலி ஒன்றும் செய்யவில்லை.

சாயங்காலம் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிடித்து இறங்கினேன். யாரையும் கேட்கவில்லை. முந்தலில் மிஸ் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா மிஸ்? அங்கிட்டு மேப் இருக்காதுன்னு."

"போதுமான்னு கேட்டேனே சார்."

"சரி, காலையில கேட்டதுக்கு இப்பவாவது பதில் சொல்லுங்க. டவர் இல்லாத இடத்துல யார் வழி சொல்றது?"

அவர் கிளிப்பிலிருந்து போனைக் கழற்றி, திரையை எல்லைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார். வெள்ளை வெளியில் நட்சத்திரங்கள் வளைந்து வளைந்து போயின. தவறாகத் திரும்பிய இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விழுந்திருந்தன. ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திருப்பினார்.

"இந்த மேப்பை எங்கேருந்து இறக்குனீங்க சார்?"

நான் டீயைக் குடித்தேன்.

அடுத்த வாரம் மஞ்சள் காமாலை என்று அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. பூவலிங்கம் அந்த மழையைத் தாண்டி அடுத்த கோடை வரை இருந்தான்.

போனுக்கு வேறு சிம் வாங்கிவிட்டேன். கேரளா மேப்பை இன்னும் இறக்கவில்லை. நட்சத்திரங்கள் இருக்கின்றன.