ஏழு ஒழுகலும் ஓர் ஆடும்

டொக். டிங். டொக். ளொய்ங்.

தெருமுனையில் சத்தம் கேட்டதுமே மூக்காண்டி தொடையில் தாளம் போட்டான். "யார் வீட்லயோ கச்சேரி!"

கச்சேரி இல்லை. அடைமழையில் அங்கம்மா வீட்டுக் கூரை ஏழு இடத்தில் ஒழுகி ஏழு பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து அவள் தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தாள்.

மூக்காண்டி, செம்புலிங்கம், தங்கப்பழம் மூவரும்தான் மந்திக்குளம் இளைஞர் குழு. வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. வறுமையை ஒழிக்கத் திட்டம் தீட்டுவது எப்படி என்று கற்றுத்தர நார்வேயிலிருந்து வந்த இங்ரிட் அம்மா, மூன்று விஷயம் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தார். யாரும் செய்யாததைச் செய்யுங்கள். எங்கள் நாட்டு இளைஞர்களிடம் யோசனை கேளுங்கள். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எண்ணுங்கள்.

"அத்தே, உங்க தேவை என்ன?" செம்புலிங்கம் நோட்டைத் திறந்தான்.

"வெள்ளிக்கிழமை மக தலைப்பிரசவத்துக்கு வாறா. அதுக்குள்ள கூரை மாத்தணும். அறுபது கீத்து முடைஞ்சாச்சு, இன்னும் நாப்பது. ஆளுக்கொரு ஓலையைப் பிடிங்கலே."

"கீத்து முடையறது எல்லாரும் செய்யறதாச்சே," என்றான் தங்கப்பழம், நிஜமான வருத்தத்தோடு. "இங்ரிட் அம்மா சட்டப்படி கூடாது அத்தே."

நார்வேக்குப் போன் போட்டார்கள். அங்கே ஒரு பெண் வீடியோவில் தன் வீட்டைக் காட்டினாள். கூரை மேல் பச்சைப் புல். புல் மேல் ஆடு. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

"ஒழுகாததுக்குக் காரணம் புல்லா, ஆடா?" என்றான் மூக்காண்டி.

"நம்ம குளத்துக்கரை பூராவும் புல்லு. ஆனா குளம் நிறையத் தண்ணி," என்றான் செம்புலிங்கம்.

"அப்ப ஆடுதான்."

"எதுக்கும் ரெண்டையும் ஏத்திருவோம்."

அங்கம்மா ஓலை வாங்கப் போயிருந்த நேரத்தில், மண்ணோடு வெட்டிய புல்லை நாற்பது கூடை ஏற்றினார்கள். மேலே அவளுடைய ஆட்டையே ஏற்றினார்கள். ஆடு நாலு அடி வைத்து மேய்ந்தது. ஐந்தாவது அடியை அடுப்படியில் வைத்தது.

திரும்பி வந்த அங்கம்மா பார்த்தபோது ஆடு முடைந்த கீற்றைத் தின்றுகொண்டிருந்தது.

"அடப் பாவிகளா!"

"பொறுங்க அத்தே, எண்ணணும்."

எண்ணினார்கள். ஏழு ஓட்டையும் சேர்ந்து ஒரே ஓட்டையாகியிருந்தது. செம்புலிங்கம் நோட்டில் எழுதினான்: முன்னால் ஏழு, பின்னால் ஒன்று. இங்ரிட் அம்மாவுக்குப் போனில் சொன்னார்கள்.

"அருமை!" என்றார் அவர். "அந்த ஒன்றையும் பூஜ்யமாக்குங்கள்."

அங்கம்மா ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். பிறகு ஓட்டைக்கு நேர் கீழே ஒரு குடத்தை வைத்துவிட்டு, உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தாள்.

"ஏலே, இந்தக் குடத்துல சொட்டு விழாட்டி ஒழுகல் பூஜ்யந்தானே?"

"ஆமா அத்தே!"

"அப்ப மூணு பேரும் குடத்துக்குக் குடை பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் அசையப்படாது."

மூன்று நாள் வீடு நிம்மதியாக இருந்தது. அங்கம்மா மீதி நாற்பது கீற்றோடு ஆடு தின்றதையும் முடைந்து முடித்து, கூரை வேய்கிறவர்களைக் கூப்பிட்டு வேய்ந்தும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். புதுக் கூரைக்குக் கீழே மூன்று பேர் குடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரும்மா இவுக?"

"திட்டம். இடிச்சுக்கிடாம வா."

மூக்காண்டி மெதுவாகக் கூப்பிட்டான். "அத்தே, எல்லாம் சரி. மேல ஆட்டை ஏத்த மறந்துட்டீங்களே?"

அங்கம்மா ஆட்டைப் பிடித்துத் தரையிலேயே கட்டினாள். மிச்சமிருந்த ஓலையை இழுத்துப் போட்டு, ஆட்டுக்கொட்டகைக்குக் கீற்று முடைய உட்கார்ந்தாள்.