ஜன்னல்ல ஒரு கல்லுக்குத்தான் எடம்

காங்கேயத்துல கல்லு சேக்கறவங்களுக்கு குரு யாருன்னு கேட்டா எல்லாரும் ஒரே வீட்டத்தான் காட்டுவாங்க. லேப் அக்கா வீடு.

பேரு சௌடேஸ்வரி. காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட். ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு அவங்க முன்ரூம்ல ஆறு பேரு உக்காந்திருப்பாங்க, ஆளுக்கொரு கல்லோட. அக்கா பெருசா பேச மாட்டாங்க. கல்ல வாங்கிப் பாப்பாங்க, திருப்பிக் குடுப்பாங்க. குடுக்கற வேகத்துலயே விஷயம் தெரிஞ்சிரும்.

அந்த ரூம்ல சின்னதா ஒரு ஜன்னல். அதுல ஒரு கல்லுக்குத்தான் எடம். ஆறு பேரு கொண்டு வந்ததுல எது ஒசத்தியோ அதுதான் அங்க நிக்கும். ரெண்டு வருஷமா நின்னது சென்னியப்பனோட ஸ்படிகம்.

சென்னியப்பன் தேங்கா காயப்போடற களம் வெச்சிருக்கறவரு. அக்காவ விட பதினாறு வயசு மூத்தவரு, ஆனா அக்கான்னுதான் கூப்பிடுவாரு. மொத சிஷ்யன் அவருதான். கையெழுத்து நல்லாருக்குன்னு எல்லாக் கல்லுக்கும் லேபில் எழுதறதும் அவருதான்.

அவரு ஸ்படிகம் கட்டவெரல் தண்டி. தண்ணி மாதிரி தெளிவு. ஆனா அதெல்லாம் பெருசில்ல, அந்த முனை இருக்கே, அதுதான். மண்ணுல இருந்து வர்ற கல்லுல பத்துக்கு ஒம்பது முனை ஒடஞ்சுதான் வரும். இது ஊசி மாதிரி அப்படியே இருந்துச்சு. யாரு வந்தாலும் "முனையப் பாத்தீங்களா"ன்னு ஒரு தடவ கேட்டுத்தான் விடுவாரு.

நாலு மாசம் முன்னாடி வினோதான்னு ஒரு பொண்ணு வந்து சேந்துச்சு. பைக் ஷோரூம்ல பில்லு போடுற பொண்ணு. அதுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது சென்னியப்பன்தான். கெணறு வெட்டிக் கொட்டுன மேடு எங்கெங்க இருக்கு, மழை பேஞ்ச மறுநாள் ஏன் போகணும், எல்லாம். கீறிப் பாக்கறதும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு.

"எது எதக் கீறுதோ, கீறுனதுதான் கெட்டி. ஆனா கோடு தெரிஞ்ச ஒடனே நம்பிராத அம்மிணி. ஈர வெரல்ல தொடச்சுப் பாரு. சில கோடு நிக்காது."

அந்தப் பொண்ணு அத நோட்டுல எழுதி வெச்சுக்கிச்சு.

அப்புறம் நடந்ததுதான் வினை. ஒரு கெணத்து மேட்ட சென்னியப்பன் மூணு வாரம் சலிச்சாரு. ஒண்ணும் கெடைக்கல. வெறுத்துப் போயி, இந்தா அம்மிணி, இந்த மேடு உனக்குத்தான், நல்லா வெளையாடுன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு வேற எடத்துக்குப் போயிட்டாரு. அடுத்த வாரம் ஒரு மழை. வினோதா போச்சு. அவரு சலிச்சு ஒதுக்குன குமியிலயே நீலமா ஒண்ணு கெடந்துச்சு.

சுண்டுவெரல் நீளம். ரெண்டு பக்கமும் ஒடஞ்சது, ஆனா நடுவுல பட்டை தீட்டுன மாதிரி ரெண்டு மொகம் வழவழன்னு நின்னுச்சு. வானத்த கழுவி ஊத்துன மாதிரி நீலம். அக்வாமரைன்னு, வெல கூடுன நீலக் கல்லுன்னு, அந்தப் பொண்ணு நம்புச்சு. குரூப்புல போட்டோ போட்டுச்சு.

அந்த ஆறு பேருல ஒருத்தரான கருப்பணன் சும்மா இருப்பாரா? காடு சென்னியப்பனுது, அறுவட அம்மிணியுதுன்னு கீழ எழுதி விட்டாரு.

சென்னியப்பன் அத நாலு தடவ படிச்சாரு. களத்துல தேங்கா திருப்பிப் போடுற ஆளுங்கள காரணமே இல்லாம திட்டுனாரு. அந்தப் போட்டோவ பெருசாக்கிப் பெருசாக்கி எங்கயாவது வெடிப்பு இருக்கான்னு தேடுனாரு. புதன்கெழம களத்த விட்டுட்டு தனியா அந்த மேட்டுக்குப் போயி மறுபடி சலிச்சாரு. ஒரு பிஞ்ச செருப்பு கெடச்சுது.

ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் முன்னாடி போயி உக்காந்தாரு.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். மேட்டக் காட்டுனவன் பெருசா, கல்ல எடுத்தவங்க பெருசா?"

அக்கா டீ டம்ளர கழுவிக்கிட்டு இருந்தாங்க. "கல்லு வரட்டுங்க"ன்னாங்க.

வினோதா வந்துச்சு. கைக்குட்டைய விரிச்சு கல்ல எடுத்து அக்கா கையில குடுத்துச்சு. அக்கா பாத்தாங்க. திருப்பிக் குடுக்கவே இல்ல. மேசையில வெச்சாங்க. ரூமே ஜன்னலப் பாத்துச்சு.

சென்னியப்பன் தொண்டையச் செருமுனாரு. "நீலமா இருக்கறதெல்லாம் அக்வாமரைனுங்களா? பழைய சோடா பாட்டிலும் நீலந்தான். கெணத்து மேட்டுல எவனாவது ஒடச்சுப் போட்டிருப்பான்."

வினோதா, "பாட்டிலு இவ்வளவு கனமா இருக்குமா பெரீப்பா?"ன்னு கேட்டுச்சு.

"கீறிப் பாத்துருவோம் அம்மிணி. கண்ணாடியா இருந்தா ஸ்படிகம் கீறும். அக்வாமரைனா இருந்தா கீறாது. நாஞ் சொல்லிக் குடுத்ததுதானே?"

அந்தப் பொண்ணு அக்காவப் பாத்துச்சு. அக்கா மேசைக்குக் கீழ இருந்து கீறிப் பாக்கற பெட்டிய எடுத்து வெச்சாங்க. ஒடஞ்ச துண்டு ஸ்படிகம், ஆணி, பழைய காசு, எல்லாம் அதுக்குன்னே இருக்கறது. நல்ல கல்ல யாரும் கீறறதுக்கு எடுக்கறதில்ல.

"இதுல துண்டு இருக்குதுங்க"ன்னாங்க.

"துண்டு எதுக்குங்கக்கா?"

அவரு எந்திரிச்சுப் போயி ஜன்னல்ல இருந்து அவரு ஸ்படிகத்தையே எடுத்துட்டு வந்தாரு. அந்த நீலக் கல்ல அவரு கல்லே தோக்கடிக்கணும். அதுதான் அவருக்கு வேணும்.

"அதோட முனையாலயாங்க?"ன்னாங்க அக்கா.

"முனையாலதானுங்க."

அக்கா பெட்டிய மூடுனாங்க.

நீலக் கல்ல மேசையோட சேத்து அழுத்திப் புடிச்சாரு. வழவழன்னு இருந்த மொகத்துல ஸ்படிக முனைய வெச்சு ஒரே இழுப்பு. கிரீச்சுன்னு சத்தம். பல்லு கூசுச்சு.

வெள்ளையா ஒரு கோடு. தெளிவா.

"பாத்துக்குங்க"ன்னாரு சென்னியப்பன். கல்லத் தூக்கி ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேராவும் காட்டுனாரு. கருப்பணனுக்கு மட்டும் ரெண்டு தடவ காட்டுனாரு.

வினோதா அந்தக் கோட்டையே பாத்துச்சு. வெரல் ஒரு தடவ கல்லுகிட்ட போச்சு. அப்புறம் அவரு மொகத்தப் பாத்துட்டு கையத் திரும்ப இழுத்துக்கிச்சு. கைக்குட்டைய மடிக்க ஆரம்பிச்சுது. அம்மாகிட்ட வேற அக்வாமரைன்னு சொல்லிட்டேன்னு மெதுவா சொல்லுச்சு.

அவரு ஸ்படிகத்தக் கொண்டு போயி ஜன்னல்ல வெச்சாரு. ரெண்டு தடவ திருப்பி வெச்சு சரி பண்ணுனாரு.

"இப்பச் சொல்லுங்கக்கா. கண்ணாடிதானுங்களே?"

அக்கா ஒரு டம்ளர்ல தண்ணியக் கொண்டு வந்து அவரு முன்னாடி வெச்சாங்க.

"எனக்குத் தாகமில்லீங்க."

"கோடு தெரிஞ்சா அடுத்து என்ன பண்ணணும்னு வினோதாவுக்கு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

சென்னியப்பன் டம்ளரப் பாத்தாரு. வினோதாவப் பாத்தாரு. அப்புறம் மெதுவா வெரலத் தண்ணியில நனச்சு அந்தக் கோட்டு மேல இழுத்தாரு.

கோடு இல்ல.

அக்கா லென்ஸக் குடுத்தாங்க. அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. அந்த மொகம் மொத எப்படி இருந்துச்சோ அப்படியே வழவழன்னு இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல.

"கோடு எங்கங்கக்கா போச்சு?"

"உங்க வெரல்ல இருக்குதுங்க."

வெரலத் திருப்பிப் பாத்தாரு. நுனியில வெள்ளையா மாவு. நீலக் கல்லோட மாவு இல்ல அது. கெட்டிக் கல்லு மேல தேச்சதுல தேஞ்சு போன அவரு ஸ்படிகத்தோட மாவு.

சென்னியப்பன் எந்திரிச்சு ஜன்னலுக்குப் போனாரு. ஸ்படிகத்த எடுத்து லென்ஸ முனையில வெச்சாரு. ஊசி இருந்த எடத்துல இப்ப பொடியா ஒரு மொட்டை.

அவரு வெச்சிருந்த எடம் காலியா இருந்துச்சு. வினோதா கல்ல அக்கா எடுத்து அங்க வெச்சாங்க. "வினோதா, அம்மாகிட்ட சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்"னு சொல்லிட்டு டீ போட உள்ள போயிட்டாங்க.

கல்லுக்கு அடி பட்டா அத மறைக்காம லேபில்ல எழுதணும். அதுதான் அந்த வீட்டு வழக்கம். எப்படிப் பட்டுதுன்னும் எழுதணும். கீழ விழுந்தது, சுத்தியல் பட்டது, ஆசிட்ல போட்டது, எத்தனையோ லேபில்ல சென்னியப்பனே எழுதியிருக்காரு. இன்னிக்கும் பேனாவ எடுத்தாரு. முனை மழுங்கியதுன்னு அழகா எழுதுனாரு. காரணம்னு போட்டதும் பேனா நின்னு போச்சு.

அக்கா டீயோட வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாரு.

"என்னங்கக்கா எழுதறது? தப்பான கல்ல வெச்சுத் தேச்சுட்டேன்னு எழுதிரட்டுங்களா?"

அக்கா டீய அவரு பக்கத்துல வெச்சாங்க.

"கல்லு ரெண்டும் நல்ல கல்லுதானுங்க."